வாழ்த்தா... விளம்பரமா? பண்டிகை நாளில் கஸ்டமருக்கு மெசேஜ் தட்டும் முன் இதைப் படிச்சிடுங்க!

தீபாவளி காலை. எண்ணெய்க் குளியல் முடிந்து, லேகியம் விழுங்கி, புதுச்சட்டையை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் அறுபது, எழுபது மெசேஜ். பேங்க், நகைக்கடை, பல் கிளினிக், எப்போதோ ஒருமுறை டயர் மாற்றிய கடை, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்... எல்லோரும் அனுப்பியிருப்பது கிட்டத்தட்ட ஒரே அகல்விளக்குப் படம்தான். மூலையில் இருக்கும் லோகோ மட்டும் வேற வேற. படத்துக்குக் கீழே, 'இன்று மட்டும் 20% தள்ளுபடி'. அதில் ஒன்றையாவது முழுசாகப் படித்தீர்களா? கட்டைவிரல் தன்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே போயிருக்கும்.

நடுவில் ஒரே ஒரு மெசேஜில் விரல் நிற்கிறது. தெருமுனை டெய்லர் அண்ணன் அனுப்பியது. "தம்பி, தீபாவளி வாழ்த்துகள். தோள்பட்டை இப்ப சரியா இருக்கா? போன தடவை இறுக்குதுன்னு சொன்னீங்க, அதான் அரை இன்ச் விட்டுத் தச்சேன்." படம் இல்லை, லோகோ இல்லை, ஆஃபர் இல்லை. ஆனால், பதில் போட்டது அவருக்கு மட்டும்தான்.

இப்போது நீங்கள் இருப்பது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறீர்கள். இன்ஸ்டாகிராமில் புடவை விற்கிறீர்கள். மொபைல் சர்வீஸ் கடை, டியூஷன் சென்டர், போட்டோகிராபி, சின்னதாக ஒரு மெக்கானிக் ஷெட்... ஏதோ ஒன்று. பண்டிகை வருகிறது, கஸ்டமருக்கு வாழ்த்துச் சொல்லணும். டெய்லர் அண்ணன் மெசேஜ் மாதிரி இருக்கணுமா, அகல்விளக்குப் படம் மாதிரி இருக்கணுமா? எப்படி அனுப்புவது, யாருக்கு அனுப்பக் கூடாது, எப்போது அனுப்புவது, எங்கே சொதப்பும்... எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நேரமில்லாமல் பிறந்த பழக்கம்!

அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1843-ல், லண்டனில். அதை அச்சடிக்க வைத்தவர் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி. இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்த பிறகு, தபால்கள் வந்து குவிந்தன. வந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத அவருக்கு நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, சுமார் 1,000 அட்டைகளை அச்சடித்தார். மிச்சமானவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. ஆக, 'எல்லாருக்கும் ஒரே வாழ்த்து' என்ற ஐடியாவே நேரப் பற்றாக்குறையில் பிறந்ததுதான். நமக்கு இருக்கும் அதே பிரச்னை!

நம் ஊரில் பொங்கல் வாழ்த்து அட்டைக்கு ஒரு காலம் இருந்தது. மார்கழி பிறந்தாலே பிளாட்பாரத்தில் கடை விரித்துவிடுவார்கள். கரும்பு, பானை, மாடு, சாமி படம், சினிமா நட்சத்திரங்கள் என ரகரகமாக அட்டைகள். கடை வைத்திருந்தவர்கள் தங்கள் கடைப் பெயரைப் போட்டுத் தனியாக அச்சடித்து அனுப்புவார்கள். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், பழைய டிரங்குப் பெட்டிக்குள் ஒன்றிரண்டு அட்டைகள் இன்னமும் இருக்கும்.

அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு வாழ்த்து, தினசரி காலண்டர். சிவகாசியில் ஆடிப்பெருக்கு சமயத்திலேயே அடுத்த ஆண்டு காலண்டருக்கான மாதிரி ஆல்பங்கள் வெளியாகிவிடும். மளிகைக்கடை முதல் ஜவுளிக்கடை வரை அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். புத்தாண்டுக்குக் கொடுக்கும் அந்த ஒரு காலண்டர், கடைப் பெயரை 365 நாளும் கஸ்டமர் வீட்டுச் சுவரில் மாட்டி வைக்கிறது. ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள் என வீட்டுக்குத் தேவையானது அதில் இருப்பதால், யாரும் அதை விளம்பரமாக நினைப்பதில்லை. கடைக்குப் போய், "காலண்டர் இல்லையா அண்ணாச்சி?" என்று உரிமையோடு கேட்டு வாங்குகிறோம். விளம்பரத்தைக் கேட்டு வாங்குவது வேறெங்காவது நடக்குமா?

ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல் கொடுப்பதும் இந்த ரகம்தான். பட்டறைக்காரர், ஒர்க்‌ஷாப்காரர், பிரஸ் வைத்திருப்பவர் என எல்லோரும் வழக்கமான வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள். அன்று வியாபாரப் பேச்சு இருக்காது. அதனால்தான் அந்தப் பொரிக்கு மதிப்பு.

வங்காளத்தில் இதற்கு 'ஹால் கத்தா' என்றே ஒரு பெயர் உண்டு. ஏப்ரல் நடுவில் வரும் வங்காளப் புத்தாண்டு அன்று கடைக்காரர்கள் சிவப்பு அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகத்தைத் தொடங்குவார்கள். வாடிக்கையாளர்களை முன்கூட்டியே அழைத்து, இனிப்பும் காலண்டரும் கொடுப்பார்கள். வருபவர்கள் பழைய பாக்கியை அடைத்துவிட்டுப் போவது மரபு. ஆனால், கடைக்காரர் வாயைத் திறந்து கேட்பதில்லை, இனிப்பைத்தான் நீட்டுகிறார். மீதியைக் கஸ்டமரே பார்த்துக்கொள்கிறார்.

எதுவுமே கேட்காத ஒரு அட்டை

அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் ஜோ ஜிரார்ட் என்று ஒரு கார் சேல்ஸ்மேன் இருந்தார். 1973-ம் ஆண்டில் மட்டும் 1,425 கார்களை விற்று கின்னஸில் இடம்பிடித்தவர். அதுவும் மொத்தமாக நிறுவனங்களுக்கு விற்றதல்ல, ஒவ்வொன்றாக விற்றது. தன்னிடம் கார் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாதா மாதம் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவது அவர் வழக்கம். ஜனவரிக்குப் புத்தாண்டு, பிப்ரவரிக்குக் காதலர் தினம் என அட்டை மாறும். உள்ளே இருந்த செய்தி மட்டும் மாறாது: 'உங்களை எனக்குப் பிடிக்கும்.' கீழே அவர் பெயர். அவ்வளவுதான். ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியர், மனிதர்களை எது இணங்க வைக்கிறது என்பது பற்றி எழுதிய புத்தகத்தில் இவரை உதாரணமாகவே காட்டுகிறார்.

இதைப் படித்ததும் 'நாமும் மாசா மாசம் ஆயிரம் பேருக்கு அனுப்பலாம்' என்று கிளம்பிவிட வேண்டாம். அவர் காலத்தில் தபால் பெட்டியில் ஒரு நாளைக்கு நாலைந்து கவர் வந்திருக்கும். இன்றைக்கு நிலைமை வேற. 2019 டிசம்பர் 31 அன்று ஒரே நாளில் வாட்ஸ்அப்பில் உலகம் முழுக்க 10,000 கோடி மெசேஜ்கள் பறந்தன. அதில் 2,000 கோடிக்கு மேல் இந்தியாவில் மட்டும்! அந்தக் கூட்டத்தில் நம் அகல்விளக்குப் படம் எங்கே தெரியப்போகிறது?

அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கையை அல்ல, அந்த அட்டையில் இல்லாத ஒன்றை. 'கார் வாங்க வாங்க' என்று அதில் இல்லை.

வாழ்த்துக்கும் விளம்பரத்துக்கும் வித்தியாசம் இதுதான். விளம்பரம் எதையோ கேட்கும், வாழ்த்து எதையும் கேட்காது. இரண்டையும் ஒரே மெசேஜில் போட்டால், படிப்பவர் கண்ணுக்கு விளம்பரம் மட்டும்தான் தெரியும். வருஷம் முழுக்க ஆஃபர் அனுப்புங்கள், தப்பே இல்லை. பண்டிகை அன்று ஒருநாள் மட்டும் எதுவும் கேட்காமல் இருங்கள்.

ஸ்டெப் 1: லிஸ்ட்டை மூன்றாகப் பிரியுங்க

'300 கஸ்டமர் இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எப்படி எழுதுறது?' நியாயமான கேள்வி. எல்லோருக்கும் தனியாக எழுதத் தேவையில்லை.

முதல் பிரிவு: திரும்பத் திரும்ப வருபவர்கள், மற்றவர்களை அனுப்பி வைப்பவர்கள், கஷ்ட காலத்திலும் உங்களை விட்டுப் போகாதவர்கள். சின்ன பிசினஸில் இவர்கள் 30, 40 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். இவர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு நிமிஷம் என்றாலும் 40 நிமிஷம்தான். நாலு நாளுக்குப் பிரித்தால் தினமும் 10 நிமிஷம். ஒரு ரீல்ஸ் ஸ்க்ரோல் நேரம்!

இரண்டாம் பிரிவு: இந்த வருஷம் ஒன்றிரண்டு முறை வாங்கியவர்கள். பெயர் மட்டும் மாற்றி, ஒரு பொதுவான வரி போதும்.

மூன்றாம் பிரிவு: ஒருமுறை விசாரித்துவிட்டுப் போனவர்கள், பல வருஷமாக வராதவர்கள். இவர்களுக்கு அனுப்பவே வேண்டாம். உங்கள் ஸ்டேட்டஸில் ஒரு வாழ்த்து வைத்துவிடுங்கள், பார்க்க விருப்பம் உள்ளவர்கள் பார்ப்பார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் 'லேபிள்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு சாட்டுக்கும் கலர் கலராகப் பெயர்ச்சீட்டு ஒட்டலாம். இந்த மூன்று பிரிவையும் இப்போதே ஒட்டி வைத்துவிட்டால் பண்டிகை நெருக்கத்தில் திண்டாட வேண்டியதில்லை. ஆப் எல்லாம் வேண்டாம் என்றால் ஒரு 40 பக்க நோட்டு போதும். பெயர், என்ன வாங்கினார், அவர் சொன்ன ஒரு விஷயம். 'பொண்ணு பிளஸ் டூ எழுதுது', 'சர்க்கரை கம்மியா போடச் சொன்னார்', 'போன தடவை டெலிவரி லேட்'. அடுத்த வாழ்த்தில் வரப்போகும் வரி அந்த நோட்டில்தான் இருக்கிறது.

கஸ்டமர் மட்டும்தானா? மைதா சப்ளை செய்பவர், பார்சல் கொண்டுபோகும் டெலிவரி தம்பி, டிசைன் செய்து தரும் நண்பர், கடை வாடகைக்குக் கொடுத்த ஓனர்... இவர்கள் இல்லாமல் கடை ஓடாது. ஆனால் லிஸ்ட்டில் பெரும்பாலும் விடுபடுவது இவர்கள்தான்.

ஸ்டெப் 2: யாருக்கு எந்தப் பண்டிகை?

பொங்கலும் ஆங்கிலப் புத்தாண்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் அனுப்பலாம். மற்றவை ஆளைப் பொறுத்தவை. தெலுங்கு பேசும் குடும்பத்துக்கு யுகாதி அன்று ஒரு வரி, மலையாளிக்கு ஓணத்துக்கு ஒரு வரி போய்ச் சேர்ந்தால், 'அட, ஞாபகம் வெச்சிருக்காங்களே' என்று முகம் மலரும். தீபாவளிக்கு வரும் 70 மெசேஜில் ஒன்றாக இருப்பதைவிட இது ஒசத்தி. பெயரை மட்டும் வைத்து மதத்தை ஊகிப்பது ரிஸ்க். தெரியாவிட்டால் புத்தாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் சொதப்புவார்கள். காலண்டரில் சிவப்பு எழுத்தில் இருக்கும் எல்லா நாளும் வாழ்த்துச் சொல்லும் நாள் கிடையாது. புனித வெள்ளி, இயேசு சிலுவையில் அறையப்பட்டதை நினைவுகூரும் நாள். 'ஹேப்பி குட் ஃப்ரைடே' என்று அனுப்பினால் எப்படி இருக்கும்? வாழ்த்து ஞாயிற்றுக்கிழமை வரும் ஈஸ்டருக்குத்தான். அதேபோல மொஹரம் 10-ம் நாள், ஷியா முஸ்லிம்களுக்குத் துக்க நாள். 'ஹேப்பி மொஹரம்' படங்களை ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு நொடி யோசியுங்கள்.

ரம்ஜானுக்கு இன்னொரு சிக்கல். பிறை தெரிந்தால்தான் மறுநாள் பெருநாள். காலண்டரில் போட்டிருக்கும் தேதி ஒருநாள் தள்ளிப்போகலாம். தேதியைப் பார்த்து முன்கூட்டியே டைமர் வைத்துவிட்டால், அவர்கள் இன்னும் நோன்பில் இருக்கும்போதே உங்கள் 'ஈத் முபாரக்' போய் நிற்கும். தலைமை காஜியின் அறிவிப்பு வந்த பிறகு அனுப்புங்கள்.

ஸ்டெப் 3: துக்க வீட்டை மறக்காதீங்க

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

நம் பக்கத்தில் பல குடும்பங்களில் ஒரு மரணம் நடந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை. பலகாரம் சுட மாட்டார்கள், வெடி கிடையாது. அக்கம்பக்கத்தினர் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வீட்டுக்கு 'உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும்' என்று கலர் படம் போகிறது. அனுப்பியவருக்கு அது 256 பேரில் ஒருவர். வாங்கியவருக்கு, வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும் முதல் தீபாவளி.

அதைவிடக் கொடுமை, இறந்தவரின் நம்பருக்கே போவது. அப்பாவின் போனை மகள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருப்பாள். அதில், 'அன்பு வாடிக்கையாளரே, இந்தத் தீபாவளிக்கு உங்களை எதிர்பார்க்கிறோம்' என்று ஒரு மெசேஜ். வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. லிஸ்ட்டைப் பார்க்காமல் அனுப்பினால் இப்படித்தான் நடக்கும்.

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே புத்தாண்டுக்கு 'நெங்காஜோ' என்ற வாழ்த்து அஞ்சலட்டை அனுப்புவது பெரிய பழக்கம், நிறுவனங்களும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும். டிசம்பர் 25-க்குள் தபாலில் சேர்த்தால், ஜனவரி 1 அன்று சரியாக வீட்டுக்கு வரும். அந்த வருஷம் வீட்டில் மரணம் நடந்திருந்தால், 'நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், இந்த முறை புத்தாண்டு வாழ்த்து வேண்டாம்' என்று அந்தக் குடும்பமே முன்கூட்டி ஓர் அட்டை அனுப்பிவிடும். அது கிடைத்தவர்கள் வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். பலர், புத்தாண்டுக் கொண்டாட்டம் முடிந்த பிறகு, 'குளிர் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நலம் விசாரித்து எழுதுவார்கள்.

நம் ஊரில் அப்படி அட்டை வராது. நாம்தான் குறித்து வைக்க வேண்டும். கடைக்கு வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னால், வாட்ஸ்அப் டி.பி-யில் மாலை போட்ட படம் வந்தால், ஆர்டரை கேன்சல் செய்தால்... உடனே நோட்டில் குறியுங்கள். பண்டிகை லிஸ்ட்டிலிருந்து அந்த நம்பரை எடுத்துவிடுங்கள். பண்டிகை கழிந்து ஒரு வாரம் பொறுத்து இப்படி ஒரு வரி அனுப்பலாம்: "அக்கா, இந்தத் தடவ உங்க வீட்டை நினைச்சுக்கிட்டேன். அம்மா எப்படி இருக்காங்க?" இதைப் பண்டிகை வாழ்த்துகளைவிட ரொம்ப காலம் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இதேபோல, ஒரு கஸ்டமரின் புகார் இன்னும் தீராமல் இருக்கிறதா? மாற்றித் தருவதாகச் சொன்ன பொருள் போய்ச் சேரவில்லையா? முதலில் அதை முடியுங்கள். பணம் திரும்ப வராமல் கடுப்பில் இருப்பவருக்கு 'இனிய பொங்கல்' போனால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

ஸ்டெப் 4: என்ன எழுதுவது?

மூன்று விஷயம் போதும். யார் என்று தெரிய வேண்டும், அவரைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும், எதுவும் கேட்கக் கூடாது. நேரில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். கடையில் "வாங்கண்ணே" என்று சொல்பவர், மெசேஜில் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தால் அவருக்கே சிரிப்பு வரும்.

சில மாதிரிகள்:

கேக் செய்பவர்: "அக்கா, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஜூன்ல குட்டிக்குப் போட்ட டைனோசர் கேக்தான் இந்த வருஷம் நான் ரசிச்சுச் செஞ்சது. வாண்டுக்கு என் முத்தம்."

மெக்கானிக்: "சார், ஆயுத பூஜை வாழ்த்துகள். வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சாச்சா? நல்லபடியா ஓட்டுங்க."

டியூஷன் சென்டர்: "அம்மா, பொங்கல் வாழ்த்துகள். பையன் கணக்குல தானா சந்தேகம் கேட்க ஆரம்பிச்சிருக்கான். லீவுல நல்லா விளையாடட்டும்."

புடவை விற்பவர்: "வணக்கம் மேடம். சித்திரைத் திருநாள் வாழ்த்துகள். நீங்க அனுப்பிவிட்ட உங்க ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் இப்ப எனக்கும் ஃப்ரெண்ட்ஸ். ரொம்ப நன்றி."

சப்ளையருக்கு: "அண்ணே, தீபாவளி வாழ்த்துகள். மழை நேரத்துலயும் ஒருநாள்கூட சரக்கு நிக்காம பார்த்துக்கிட்டீங்க. வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க."

கவனித்தீர்களா? எதிலும் கடை லிங்க் இல்லை. 'புது கலெக்‌ஷன் வந்திருக்கு' இல்லை. 'பாக்கி 1,200 ரூபாய்' இல்லவே இல்லை. பாக்கியை வேறொரு நாளில் தாராளமாகக் கேளுங்கள், வாழ்த்தோடு சேர்க்காதீர்கள். ஒருவரிடம் சொன்னதை இன்னொருவருக்குக் காப்பி பேஸ்ட் செய்யும்போது பெயரை மாற்ற மறப்பதும் நடக்கும். அனுப்பும் முன் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

எழுத வரவில்லையா? 15 நொடி வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், பண்டிகை நாளில் யாருக்கும் கேட்க நேரம் இருக்காது.

ஸ்டெப் 5: எப்போது அனுப்புவது?

தீபாவளி அன்று காலை 4 மணிக்கே எழுந்திருப்பார்கள்தான், ஆனால் போனைப் பார்க்க அல்ல. காலை 6 முதல் 10 மணி வரைதான் வாழ்த்து வெள்ளம். அதில் விழாமல் இருக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, முந்தைய நாள் மாலை. இன்னொன்று, மறுநாள். "பண்டிகை எப்படிப் போச்சு?" என்ற கேள்வி மறுநாள்தான் பொருத்தமாக இருக்கும், பதிலும் வரும். இனிப்புக்கடை, டெய்லரிங், பார்லர் என்று பண்டிகைக்கு முன் மூச்சுவிட நேரமில்லாத தொழிலில் இருப்பவர்களுக்கு மறுநாள்தான் வசதி. ராத்திரி 9 மணிக்கு மேல் அனுப்ப வேண்டாம்.

குரூப் ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்!

வாழ்த்துச் சொல்ல எல்லா கஸ்டமரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ப்பது பெரிய தப்பு. ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். புடவை வாங்கிய பெண்ணின் நம்பர் முகம் தெரியாத 200 பேர் கையில் போய்ச் சேர்வது சின்ன விஷயம் இல்லை. அதன் பிறகு வரும் தேவையில்லாத 'ஹாய்'களுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அதற்குப் பதில் 'பிராட்காஸ்ட் லிஸ்ட்' பயன்படுத்துங்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகவே போகும், அடுத்தவர் நம்பர் தெரியாது. ஒரு நிபந்தனை: உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேவ் செய்திருந்தால்தான் போய்ச் சேரும். 'அனுப்பினேனே, வரலையா?' என்ற குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பில் கொடுக்கும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, ஏதாவது பிரச்னைன்னா நேரா எனக்கே மெசேஜ் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

தெரியாத நம்பர்களைக் காசு கொடுத்து வாங்கி அனுப்பும் வேலை வேண்டவே வேண்டாம். நிறைய பேர் பிளாக், ரிப்போர்ட் செய்தால் வாட்ஸ்அப் உங்கள் அக்கவுன்ட்டையே முடக்கிவிடும். ஆர்டர், சாட், போட்டோ எல்லாம் அந்த ஒரு நம்பரில் இருக்கும்போது இது விளையாட்டில்லை. மொத்தமாக எஸ்.எம்.எஸ் அனுப்ப வேண்டுமென்றால் டிராய் விதிப்படி டி.எல்.டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். தொல்லை செய்யும் வணிக மெசேஜ்கள் பற்றி யார் வேண்டுமானாலும் 1909-ல் புகார் செய்யலாம். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: எதற்காக நம்பர் வாங்கினோமோ, அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

யாராவது 'இனிமே அனுப்ப வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள். "சரிங்க" என்று ஒரு வார்த்தை, லிஸ்ட்டிலிருந்து நீக்கம். அவ்வளவுதான்.

கிஃப்ட் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் யாருக்கு என்று பார்த்து. அரசு ஊழியர்கள் பரிசு வாங்குவதற்கு நடத்தை விதிகள் உண்டு. பல தனியார் நிறுவனங்களும் சப்ளையரிடம் பரிசு வாங்கத் தடை வைத்திருக்கின்றன. நீங்கள் அன்பாகக் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸ் அவர் வேலைக்கு உலை வைத்துவிடக் கூடாது. கேட்டுவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு காலண்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி பதிவு வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: இலவசப் பரிசாகக் கொடுத்த பொருளுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. கணக்குப் பார்ப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விலை முக்கியமில்லை. உங்கள் தொழிலோடு ஒட்டியதாக இருந்தால் போதும். டெய்லர் என்றால் மீந்த துணியில் தைத்த சுருக்குப்பை, கேக் செய்பவர் என்றால் நாலு குக்கீஸ், செடி விற்பவர் என்றால் ஒரு விதைப் பொட்டலம்.

பதில் வந்தால்தான் ஆட்டம் ஆரம்பம்!

நிறைய பேர் கோட்டை விடும் இடம் இது. வாழ்த்து அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். கஸ்டமர், "நன்றி தம்பி, உங்களுக்கும். அம்மாவுக்கு உடம்பு இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டிருப்பார். நாலு நாளாகியும் ப்ளூ டிக்கூட இல்லை. வாழ்த்தே அனுப்பாமல் இருந்திருந்தால் இந்த வருத்தம் வந்திருக்காது. பதில் போட நேரம் இருக்கும் அளவுக்கு மட்டும் அனுப்புங்கள். 300 பேருக்கு அனுப்பி யாருக்கும் பதில் போடாததைவிட, 40 பேருக்கு அனுப்பி 40 பேரிடமும் பேசுவது மேல்.

சில நேரம் வாழ்த்துக்குப் பதிலாகப் புகார் வரும். "வாழ்த்து எல்லாம் இருக்கட்டும், போன மாசம் வாங்கின சார்ஜர் வேலை செய்யல." கோபப்படாதீர்கள், இது லாட்டரி! அந்த மெசேஜ் வராமல் இருந்திருந்தால், அவர் சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போயிருப்பார். "மன்னிச்சுக்கோங்க சார், நாளைக்கே மாத்தித் தர்றேன்" என்று சொல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

'சரி, இதனால எவ்வளவு சேல்ஸ் ஏறும்?' என்று கேட்காமல் இருக்க முடியாதுதான். பண்டிகை வாரத்து விற்பனையை வைத்து இதை அளக்காதீர்கள். எத்தனை பேர் பதில் போட்டார்கள், எத்தனை பேர் பிளாக் செய்தார்கள், 'அவங்க சொல்லித்தான் வந்தேன்' என்று அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள்... இதை நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த வருஷ லிஸ்ட்டை எப்படி மாற்றுவது என்று அதுவே சொல்லும்.

அனுப்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

* இந்தப் பண்டிகை இவர் கொண்டாடுவதுதானா?
* இவர் வீட்டில் இந்த வருஷம் ஏதும் துக்கம் உண்டா?
* இவருக்கு நாம் தீர்க்க வேண்டிய புகார் பாக்கி இருக்கிறதா?
* பெயர் சரியா? கூப்பிடும் முறை சரியா?
* ஆஃபர், லிங்க், பாக்கித் தொகை ஏதாவது ஒட்டிக்கொண்டு இருக்கிறதா?
* பதில் வந்தால் பேச இன்று நேரம் இருக்கிறதா?

ஆறும் ஓகே என்றால், தைரியமாக 'சென்ட்' பட்டனைத் தட்டுங்கள்.

இன்னொன்று... இன்று இரவே போனில் கடைசியாக வாங்கிய 10 கஸ்டமர் சாட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுத முடிகிறதா? முடிந்தால் அடுத்த பண்டிகைக்கு நீங்கள் ரெடி. முடியாவிட்டால், நாளைக்குக் கடைக்கு வருபவரிடம் பில்லை நீட்டுவதற்கு முன், "வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டு ஆரம்பியுங்கள்!